மூன்றாம் காட்சி

பேனா மூடியைத் திறந்துவிட்டாள். எழுத வரவில்லை.

மாவட்டக் கல்வி அலுவலகத்தின் உள்ளறை. காலை பத்தரை மணி. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி அவசரமே இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டது ஒன்றுதான். பள்ளி ஆண்டு விழாவில் அவள் மாணவர்களை வைத்துப் போட்ட நாடகத்தை யார் யார் சேர்ந்து எழுதியது?

பெயர்களைக் கொடுத்தால் அவளை ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

பதினைந்து நிமிட நாடகம். கிணற்றில் வாளி விழுந்துவிடுகிறது. இருக்கிற கயிறு எட்டவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு நிறத்தில் மணிக்கட்டில் கட்டியிருக்கும் சாதிக் கயிறுகளை அவிழ்த்து, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, வாளியைத் தூக்குகிறார்கள்.

அவ்வளவுதான்.

அன்று நாடகம் முடியும் முன்பே கூட்டத்தில் நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. முதலில் ஒரு வரிசை. பிறகு இன்னொரு வரிசை.

மறுநாள் ஸ்கூட்டரின் இரண்டு டயரிலும் காற்றில்லை.

அதற்கு மறுநாள், நாலாவது படிக்கும் மகள் வந்து சொன்னாள். பள்ளிக்கூட வாசலில் பைக்கில் இருந்த ஒரு மாமா, நீ நாடக டீச்சர் மகள்தானே என்று கேட்டாராம். பெயரையும் கேட்டாராம். மிட்டாய் கொடுத்தாராம்.

அந்த மிட்டாய் இன்னும் அவள் கைப்பையில் இருந்தது. தூக்கிப் போடவும் பயமாக இருந்தது.

நாடகத்தை அவள் தனியாக எழுதவில்லை.

பள்ளிகளில் நாடகம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் பதினான்கு பேர். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஒரு நகராட்சிப் பள்ளியில் கூடுவார்கள். யாருக்கும் நாடகத்துக்கென்று தனிப் பதவி கிடையாது. தமிழுக்கும் கணக்குக்கும் விளையாட்டுக்கும் வேலைக்கு வந்தவர்கள். தன் பள்ளியில் சரியாக வராத காட்சியை ஒருவர் சொன்னால், மற்றவர்கள் எழுந்து நடித்துப் பார்ப்பார்கள். கேலி கிடையாது. வகுப்பை அதட்ட மட்டுமே தெரிந்திருந்த அவள், பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேட்கப் பழகியது அங்கேதான்.

இந்த நாடகமும் அங்கே மூன்று சனிக்கிழமைகளில் உருவானது.

கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸைப் படம் எடுத்து அவர்களுடைய வாட்ஸப் குழுவில் போட்டாள். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பதில் போடவில்லை. சாயங்காலத்துக்குள் எட்டுப் பேர் குழுவிலிருந்து வெளியேறியிருந்தார்கள்.

அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் பிள்ளைகளும் ஏதோ ஒரு பள்ளிக்கூட வாசலில் நிற்பவர்கள்தானே.

குனிந்து எழுதினாள். நாடகம் முழுவதும் நான் எழுதியது. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

கையெழுத்துப் போட்டு நகர்த்தினாள். உள்ளங்கை ஈரம் தாளில் பதிந்திருந்தது.

அதிகாரி படித்தார். கோபப்படவில்லை.

"நீங்க இப்படித்தான் எழுதுவீங்கன்னு தெரியும்மா."

கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். கடிதங்கள். குழுவில் இருந்தவர்களிடம் ஏற்கெனவே எழுதி வாங்கியவை. வெவ்வேறு கையெழுத்து, ஒரே வாசகம். மேற்படி நாடகத்துக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஒவ்வொரு கையெழுத்தும் யாருடையது என்று அவளுக்குப் பெயர் பார்க்காமலே தெரிந்தது.

கடைசிக் கடிதத்தில் ஒரே வரி.

மூன்றாம் காட்சி என்னுடையது.

கீழே, பரமகுரு.

ஓவிய ஆசிரியர். அந்தப் பதினான்கு பேரிலேயே அதிகம் பயப்படுகிறவர். நடிக்கச் சொன்னால் சுவரோரம் நகர்ந்துவிடுவார். கயிற்றை அவிழ்க்கும் அந்த மூன்றாம் காட்சி எத்தனை முறை செய்தும் யாருக்கும் சரியாக வராத அன்று, அவரே எழுந்து நடுவில் வந்தார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினார். உள்ளே நிஜமாகவே ஒரு கயிறு இருந்தது. ஒற்றைக் கையால் அது அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். வெகுநேரம் ஆயிற்று.

மேடையில் பிள்ளைகள் செய்தது அதைத்தான்.

அதிகாரி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"மார்ச்ல ரிட்டையர் ஆகப்போறாரு. விசாரணைன்னு வந்தா பென்ஷன் நிக்கும். பாவம், பயந்த மனுசன், என்னமோ எழுதிக் குடுத்துட்டாரு. இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. இதக் கிழிச்சிப் போட்டுருதேன்."

இல்லை. நாக்கு நுனிக்கு வந்துவிட்ட சொல். அது அவரைக் காப்பாற்றும். அவள் எழுதிக் கொடுத்ததோடும் ஒத்துப்போகும்.

ஒன்பது மணியிலிருந்து பரமகுரு வெளியேதான் உட்கார்ந்திருப்பதாக அதிகாரி சொன்னார்.

திரும்பிப் பார்த்தாள். பாதி திறந்த கதவு வழியாக வராந்தா பெஞ்சு தெரிந்தது. அவருடைய முழங்கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. தேய்த்த வெள்ளைச் சட்டை. இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேலே மடித்து விட்டிருந்தார். மணிக்கட்டில் வெயில் படாத ஒரு வளையம் வெளுப்பாகத் தெரிந்தது.

கயிறு இல்லாத அந்தக் கையோடுதான் அவர் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"ஆமா சார்," என்றாள். "அது அவரு காட்சிதான்."

வெளியே வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். முழங்கால் நின்றது.

அதிகாரி மணியை அழுத்தினார்.

பரமகுரு உள்ளே வந்தார். அவளைப் பார்க்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தது ஒரே நாற்காலி. அவள் எழுந்தாள். அவர் உட்காரவில்லை. அவளும் திரும்ப உட்காரவில்லை.

"யாராச்சும் ஒருத்தரு உக்காருங்க," என்றார் அதிகாரி.

இருவரும் நின்றார்கள்.

அதிகாரி நாற்காலியைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்தார்.

பிறகு, கதவைச் சாத்தச் சொன்னார்.