மொட்டை மந்தை

கிர்ஸ்டி கத்தரி போட்டது ஒரே ஓர் ஆட்டுக்கு. நிமிர்ந்து பார்த்தால் மந்தை மொத்தமும் மொட்டையாக நின்றது.

"போச்சு," என்றாள்.

ராவிரி பக்கத்து மேசையிலிருந்து எட்டி அவள் கணினித் திரையைப் பார்த்தான். வாயில் இருந்த இறைச்சி பஃப்ஸ் புரையேறியது. "நம்ம ஊர்ல இவ்வளவு வேகமா எவனும் ரோமம் வெட்டினதில்ல தாயே!"

"சிரிக்காதடா. மிஸஸ் மெக்ரே வந்துட்டிருக்காங்க."

சிரிப்பு நின்றது.

திமாரு என்ற ஊரில் ஒரு பேக்கரியின் மாடியில் உட்கார்ந்து இருவரும் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன கணினி மொழி செய்திருந்தார்கள். பிள்ளைகள் எழுதுவதை வரிவரியாகப் படித்து நடத்திக் காட்டும் இன்டர்பிரட்டர் கிர்ஸ்டியுடையது. அதற்குள் ஆப்ஜெக்ட்டுகளைக் கொண்டுவந்ததும் அவள்தான். 'ஆடு' என்று ஓர் அச்சு. அதிலிருந்து எத்தனை ஆடு வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி ரோமம். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

போன வாரம் பள்ளிகளுக்கிடையே ரோமம் வெட்டும் போட்டியின் அரையிறுதி, திரையில். எல்லாப் பிள்ளைகளும் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வெட்டும்படி எழுதியிருந்தார்கள். மிஸஸ் மெக்ரேயின் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் ஒரே வரி எழுதி, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஜெயித்துவிட்டார்கள்.

இன்று காலை அந்தத் தலைமையாசிரியை போன் செய்தார். "போட்டி விஷயம். நேர்ல பேசணும்." அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகுதான் கிர்ஸ்டி அந்த ஒரு வரியை எடுத்து ஓட்டிப் பார்த்தாள்.

"ரோமத்தை ஆட்டுக்குக் குடுக்காம அச்சுலயே வச்சுட்டேன்டா. எல்லா ஆடும் ஒரே ரோமத்தைத்தான் போத்திக்கிட்டிருக்கு."

"அப்ப மத்த ஸ்கூல் பிள்ளைங்க?"

"முதல் ஆட்டோட எல்லாம் மொட்டை. அது தெரியாம மொட்டைத் தலையையே திரும்பத் திரும்ப வெட்டிட்டிருந்திருக்குங்க. மந்தையைக் கடைசியிலதான திரையில காட்டறோம்."

"நீ எத்தனை ஆட்டை வச்சு டெஸ்ட் பண்ணே?"

"ஒண்ணு."

"நல்ல மந்தை!"

அவள் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. அச்சிலிருந்த ரோமத்தை எடுத்து, ஒவ்வோர் ஆடும் பிறக்கும்போது அதற்கென்று கிடைக்கும்படி மாற்றினாள். வேலை சின்னதுதான். ஆனால் மனசு ஆறவில்லை. தன் தவறு தன் கண்ணில் படும் முன்னால் இன்னொருவர் கண்ணில் படுவது அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தாங்காது. அதிலும் இவர் கண்ணில். இந்த மொழியை வட்டாரப் பள்ளிகளில் தொடர்ந்து வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் கமிட்டிக்குத் தலைவியே மிஸஸ் மெக்ரேதான். அவர் உதட்டைப் பிதுக்கினால் பேக்கரி மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"சரி பண்ணிட்டல்ல? வாயத் திறக்காத," என்றான் ராவிரி. "அவங்களா கேட்டா பாத்துக்கலாம்."

மாடிப்படிகள் ஒவ்வொன்றாக முனகின. மிஸஸ் மெக்ரே உள்ளே வந்தார். மழைக்கோட்டைக் கழற்றவில்லை, காட்டிய நாற்காலியிலும் உட்காரவில்லை.

"எங்க பிள்ளைங்க எப்படி ஜெயிச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா, கிர்ஸ்டி?"

ராவிரி தலையை மெல்ல ஆட்டி வேண்டாம் என்றான். மறைத்துத் தப்பித்தால் இந்தப் பெண்மணியைக் கடைவீதியில் பார்க்கும்போதெல்லாம் எதிர்ச் சாரிக்கு ஓட வேண்டியிருக்கும் என்று கிர்ஸ்டிக்குத் தோன்றியது.

"தெரியும் மிஸஸ் மெக்ரே. தப்பு என்னுது. பிள்ளைங்கள ஒண்ணும் சொல்லாதீங்க." ரோமம், அச்சு, ஒற்றை ஆட்டுச் சோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

மிஸஸ் மெக்ரே முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "எல்லா ஸ்கூல்லயும் இதேதான் இருக்கா?"

"ஆமா."

"அவங்க யாருக்காவது தெரியுமா?"

"இதுவரைக்கும் தெரியாது." சேதாரத்தை அளக்கிறார் என்று எண்ணி கிர்ஸ்டி அவசரமாகத் திரையைத் திருப்பினாள். "இப்ப சரி பண்ணிட்டேன், பாருங்க."

ஓர் ஆட்டுக்குக் கத்தரி போட்டாள். அந்த ஆடு மட்டும் மொட்டையாயிற்று. மற்றவை புசுபுசுவென்று நின்றன. எத்தனை அழகு என்று அந்த நிலையிலும் அவளுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது.

"சாயங்காலத்துக்குள்ள எல்லா ஸ்கூலுக்கும் இதை அனுப்பிடுவேன்."

மிஸஸ் மெக்ரேயின் முகம் தொங்கிப்போயிற்று. புசுபுசு ஆடுகளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவை நோக்கி நடந்தார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று கிர்ஸ்டி கண்ணை மூடிக்கொண்டாள். உண்மையைச் சொன்ன நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

கதவு சாத்தும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தால், மிஸஸ் மெக்ரே கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கமிட்டிய நான் பாத்துக்கறேன்மா. பைனல் முடியற வரைக்கும் எங்க ஸ்கூலுக்கு மட்டும் பழசே இருக்கட்டும்."