கரையேறும் தம்பி

அந்தச் சாகச வீடியோ கேமின் இரண்டாம் பாகம் வந்ததிலிருந்து அமலனும் தில்ஷாதும் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முதல் பாகத்துல கடல்ல செத்துப்போன ஹீரோவோட தம்பியத் திரும்பக் கொண்டு வந்தது பெரிய தப்புடா. கதையே கெட்டுப்போச்சு," என்றான் அமலன்.

"மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். அது ஒண்ணுதான்டா இதுல நல்லாருக்கு."

நேரில் பேசித் தீர்க்க அமலன் தில்ஷாத் வீட்டுக்குப் போனான். அறுபது மணி நேரம் ஆடியிருப்பதாகத் திரை காட்டியது. ஆனால் தில்ஷாத் முதல் காட்சியைத் தாண்டவேயில்லை. அதில் நாயகனின் தம்பி அலையிலிருந்து எழுந்து, ஈரத் தலையை உதறிச் சிரிக்கிறான்.

எட்டு மாதத்துக்கு முன் தில்ஷாதின் தம்பி ரியாஸின் உடலை ஏரியிலிருந்து எடுத்தபோது அமலனும் கரையில் நின்றிருந்தான்.

அமலன் தில்ஷாத் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவை போடுடா," என்றான்.