மீன்கொத்தியின் கிளை
ஆற்று விழாவில் தொலைநோக்கியின் முன் குழந்தைகள் முண்டியடிக்கிறார்கள். கன்னத்தில் நீல மீன்கொத்தி வரைந்துகொண்ட மகள், விழாவை நடத்தும் அம்மாவை உலுக்குகிறாள். “மீன்கொத்தி எங்கேம்மா? தினமும் அந்தக் காஞ்ச கிளையிலதான் உக்காரும்னு சொன்னியே!” எதிர்க்கரை துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. குப்பை இல்லை, புதர் இல்லை. தண்ணீர்மேல் நீண்டிருந்த பட்ட கிளையும் இல்லை, வெட்டுப்பட்ட இடம் மட்டும் வெயிலில் வெளிறித் தெரிகிறது. ‘விழாவுக்குப் பளிச்சுனு இருக்கட்டும்னு நான்தான்டி வெட்டச் சொன்னேன்’ என்று வாய்வரை வந்ததை அம்மா விழுங்குகிறாள். “வரும், பாரு.” வருகிறது. கிளை இருந்த இடத்தில், வெறும் காற்றில், சிறகடித்தபடி நிற்கிறது. உட்கார இடமில்லாமல் திரும்பிப் பறக்கிறது. “ஐ, டான்ஸ் ஆடுது!” என்று குழந்தைகள் கைதட்டுகிறார்கள். “நீயும் தட்டும்மா” என்று மகள் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்துத் தட்டுகிறாள்.