மாடனுக்கு விட்ட சேவல்

கூடையைத் தூக்கிய மறுநொடியே சிவப்புக்கோழி பாய்ந்து வந்து புதுச் சேவலின் கொண்டையில் ஒரு கொத்து வைத்தது.

சேவல் திருப்பிக் கொத்தவில்லை. சுவரோரமாக ஒதுங்கி ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பொட்டைக்கோழிக்கு நடுங்கும் சேவலை சங்கரேஸ்வரி இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

அவள் புருஷன் வெயிலுமுத்து தெருக்குழாயில் வரிசையில் நிற்கிறார். இரண்டு கேன் நிரப்பிக்கொண்டு அவர் திரும்புவதற்குள், இந்தச் சேவல் இங்கேயே வளர்ந்தது போல மற்ற நான்கோடும் சேர்ந்து மேய்ந்தாக வேண்டும். லேபர் கேம்ப் குழாயில் தண்ணீர் என்றைக்கும் நூலாகத்தான் வரும். இன்றைக்குப் பார்த்து அது கொட்டு கொட்டென்று கொட்டுகிற சத்தம் வீட்டுப் பின்சந்து வரை கேட்டது.

நேற்று மதியம் வரை இங்கே வேறொரு சேவல் இருந்தது.

மகள் தங்கமயிலுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது. மூன்றாம் முறை நின்றபோது, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் இது உனக்கு என்று சுடலைமாடனுக்கு நேர்ந்து, காலில் மஞ்சள் கயிறு கட்டி விட்ட சேவல் அது. புரட்டாசியில் நேர்ந்தது. இப்போது பங்குனி, தங்கமயிலுக்கு எட்டாம் மாதம்.

இத்தனை நாள் கண்ணும் கருத்துமாகக் காத்த சேவலை நேற்று ஒரு பூனை கடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

நேர்ந்துவிட்ட உயிர் பாதியில் போனால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாடனே, என்னை எடுத்துக்கொள், அவள் பிள்ளையை விட்டுவிடு என்று இதே சந்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஆக வேண்டியதைப் பார்த்தாள்.

காலில் இருந்த கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டாள். சேவலை மஞ்சள் துணியில் சுற்றி, மன்னித்துக்கொள் சாமி என்று குப்பை வண்டியில் போட்டாள். இந்த ஊரில் ஒரு கோழியைப் புதைக்கக்கூட மண் கிடையாது.

அப்புறம் ஷகீலின் கோழிக்கடை. ‘காவ்டி’ என்று அங்கே சொல்லும் நாட்டுச் சேவல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கச் சொல்லி, வாலைப் பார்த்தாள், கொண்டையைப் பார்த்தாள், கால் முள்ளைப் பார்த்தாள். குழம்பு வைக்கவா, இல்லை மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறாயா மவுசி என்று ஷகீல் இந்தியில் கேலி செய்தான். கடைசியில் கிடைத்துவிட்டது. அச்சு அசல் அதே கருஞ்சிவப்பு, அதே கறுத்த வால்.

அந்தச் சேவலை அவளைப் போலத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் வெயிலுமுத்துவுக்கு எங்கே தெரியப்போகிறது? மாடனுக்குத் தெரியுமே என்பதை மட்டும் அவள் நினைக்காமல் தள்ளிவைத்திருந்தாள்.

அவரிடம் சொல்ல முடியாது. மகளுக்கு இரண்டாம் முறை கரு போனபோது ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுத மனிதர். இதைக் கேட்டால் உடைந்துபோவார்.

ஆனால் இந்தக் கோழிகளிடம் ஒன்றும் எடுபடவில்லை. சிவப்பு கொத்தியதைப் பார்த்து மற்ற மூன்றும் சேர்ந்துகொண்டன. சங்கரேஸ்வரி விளக்குமாற்றை வீசி விலக்கினாள். சேவல் படபடவென்று அடித்துக்கொண்டு தண்ணீர் டிரம்மின் மேல் ஏறி நின்றது. அதன் கழுத்து இறகு இரண்டு அவள் தலையில் வந்து விழுந்தன.

அந்த நேரம் பார்த்து வெயிலுமுத்து வந்தார்.

கேன்களைக் கீழே வைத்தார். சேவலைப் பார்த்தார். கோழிகளைப் பார்த்தார். விளக்குமாற்றைப் பார்த்தார். அவள் ஒரு பொய்க்கு வாயெடுப்பதற்குள் அவரே மெதுவாகச் சொன்னார்.

“ஏளா, முந்தின நாளே தீனி போடாம எல்லாத்தையும் பட்டினி போட்டிருக்கணும். பசியில கிடந்துட்டு அரிசியக் கண்டா, பக்கத்துல நிக்கது யாருன்னு எந்தக் கோழியும் பாக்காது.”

அவளுக்கு விளங்கவில்லை. கோழி இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர், இதெல்லாம் எங்கே படித்தார்?

வெயிலுமுத்து சேவலை இரண்டு கையாலும் டிரம்மிலிருந்து இறக்கினார். அதன் முதுகைத் தடவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“கார்த்திகையில நீ பத்து நாள் சான்பாடாவுல மக வீட்டுல இருந்தேல்லா, அப்ப நான் கொண்டாந்தத அப்படித்தான் சேத்தேன்.”

சங்கரேஸ்வரி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். அப்படியென்றால் மாடனுக்கு நேர்ந்த சேவல் கார்த்திகையிலேயே போய்விட்டது; நேற்றுப் பூனை கடித்தது அது இல்லை.

சான்பாடாவிலிருந்து திரும்பிய அன்று, சேவல் இப்படி இளைத்துக் கிடக்கிறதே, பத்து நாள் ஒரு பிடி தீனி போடத் துப்பில்லையா என்று அவரைத் தெருவே கேட்கத் திட்டியிருந்தாள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான்கு மாதமாக இந்தப் பயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தினமும் தண்ணீர் பிடித்து, வேலைக்குப் போய், அவள் போட்டதைச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். அவளுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். ஒரு தடவை எண்ணி, நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள்.

தங்கமயில் வயிற்றில் பிள்ளை முதன்முதலாக அசைந்தது மார்கழியில்.