நடந்து வந்த வீடு

தாராவி மெயின் ரோடு முனையில் வீடு திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது.

முன்னால் போனவர்கள் இடது பக்கம் இழுத்தார்கள். பின்னால் இருந்த எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குள் நின்றுகொண்டே வீட்டைச் சுமப்பவனுக்கு வழி எப்படித் தெரியும்? கடைசியில் ஒரு பஸ் டிரைவர் இறங்கி வந்து, கத்திக் கத்தி எங்களைத் திருப்பிவிட்டார். வெளியே கைதட்டல் கேட்டது.

பம்பாயில் டிராம் நின்றுபோன மறுவருஷம் அது.

மாட்டுங்கா ஷ்யாமளா ஓவியம் படித்த பெண். படமும் இல்லாமல் நாடகமும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஏதோ செய்துகொண்டிருந்தாள். ஊர் கொட்டுகிற குப்பையால் உப்பங்கழி தூர்ந்துபோகிறதாம். அதே குப்பையால் கட்டிய வீடு ஒன்று இடம் தேடித் தெருவில் நடக்க வேண்டும், கால்கள் மட்டும்தான் வெளியே தெரிய வேண்டும், அதுதான் கலை என்றாள். அப்படி ஒரு வீடு செய்துதர ஆள் தேடித்தான் எங்கள் பக்கம் வந்தாள்.

என் மனைவி இசக்கியம்மாள் யோசிக்கவே இல்லை.

"புதுசா எதுக்கும்மா செய்யணும்? எங்க வீட்டையே தூக்கிட்டுப் போங்க. எறக்குத எடத்த மட்டும் நாங்க சொல்லுதோம்."

ஷ்யாமளா வீட்டைச் சுற்றிவந்து பார்த்தாள். சாக்கு, தட்டி நிமிர்த்திய எண்ணெய் டின், கிழிந்த தார்ப்பாய், பாதி முகம் மட்டும் மிஞ்சிய சினிமா பானர். பிரமாதம் என்றாள். எங்கள் வீட்டை அதற்கு முன் யாரும் பிரமாதம் என்று சொன்னதில்லை.

எங்கள் அவசரம் அவளுக்குத் தெரியாது. ரயில் பாதையோரம் சுவர் எழுப்பப் போகிறார்கள், அந்த வாரத்துக்குள் நாங்கள் காலி செய்தாக வேண்டும். போக்கிடம் என்றால் உப்பங்கழி ஓரத்து மேடு ஒன்றுதான்.

அந்த மேட்டைக் காவல் காக்கிற ஆட்களுக்கு முகாதம், அதாவது மேஸ்திரி, பூதத்தான். யார் மூங்கில் நட்டாலும் நட்ட சூட்டோடு பிடுங்கி உப்பங்கழியில் எறிவான். என் மூங்கிலையே இரண்டு தடவை எறிந்திருக்கிறான். ஆனால் அவனுக்கும் ஒரு சட்டம் உண்டு. மேலே கூரை இருந்து உள்ளே அடுப்பும் எரிந்துவிட்டால் அது வீடு. மேலிடத்து உத்தரவு இல்லாமல் வீட்டில் கைவைக்க மாட்டான். உத்தரவு வருவதற்குள் நமக்குப் பேரன் பிறந்து காதுகுத்தே முடிந்துவிடும்.

ஆகவே வீடு முழுசாகவே போய் இறங்க வேண்டும்.

நானும் மச்சான் வெயிலுமுத்துவும் பின்னால். ஷ்யாமளாவின் கூட்டாளிகள் நான்கு பேர், எல்லாரும் பேண்ட் போட்ட ஆர்ட்டிஸ்டுகள், முன்னால். காலி வீடு என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தோம். அம்மிக்கல்லை அவர்கள் பக்கத்து மூங்கிலில் கட்டியிருந்தோம். கலை இவ்வளவு கனமாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை போலும்.

நடுவில் இசக்கியம்மாள், பற்றவைத்த கரி அடுப்பைக் கம்பியில் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். புகை கூரை வழியே போனது. வெளியே ஒரு பத்திரிகைக்காரர், இந்தப் புகைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். 

"ஆலைப் புகை" என்று சமாளித்தாள் ஷ்யாமளா.

மேட்டில் ஏறியதும் தடி தரையில் தட்டுகிற ஓசை.

"ருக்கோ! நீச்சே மத் ரக்னா!"

நிற்க வேண்டுமாம், கீழே வைக்கக் கூடாதாம். பூதத்தான் எங்கள் ஜில்லாக்காரன்தான். கையில் தடி இருக்கும்போது மட்டும் அவனுக்குத் தமிழ் மறந்துவிடும்.

தோளில் இருக்கும்வரை அது வீடு இல்லை, வெறும் சாமான். இந்தத் தடவை எறிந்தால் போர்த்திக்கொள்ளச் சாக்குகூட மிஞ்சாது.

சாக்குக் கிழிசல் வழியே பார்த்தேன். அவன் வீட்டை ஒரு சுற்று சுற்றினான். அவனுடைய ஆட்கள் கடப்பாரையோடு பின்னாலேயே வந்தார்கள். குனிந்து கால்களைப் பார்த்தான். பூட்ஸ் கால்கள், செருப்புக் கால்கள், எங்கள் வெறுங்கால்கள். நடுவே மெட்டி போட்ட இரண்டு.

"அந்தர் கௌன் ஹை?"

"நாந்தான் அண்ணாச்சி." விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி இசக்கியம்மாள் பேசினாள். "டீ கொதிச்சிட்டு, உள்ள வாங்க. வாசப்படிதான் ஒசரத்துல நிக்கு. கொஞ்சம் எறக்கச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. அம்மிக்கல் பக்கத்து ஆர்ட்டிஸ்ட் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான்.

பூதத்தான் தன் ஆட்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு மேடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

"நீச்சே ரக்கோ!"

கீழே வை என்று அவனே சொன்ன பிறகு எங்களுக்கென்ன? வைத்தோம்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கூரையைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். தலையை வெளியே நீட்டி, இது வீடு, அடுப்பு எரிகிறது, கிளம்புங்கள் என்று இந்தியில் ஆட்களுக்கு உத்தரவு போட்டான். கடப்பாரைகள் திரும்பிப் போயின.

ஏமாற்றிவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வெயிலுமுத்து சிரிப்பை அடக்க முடியாமல் சாக்குச் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பூதத்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்தான். நாங்கள் தோள் கொடுத்த குறுக்கு மூங்கிலைத் தடவிப் பார்த்தான். முடிச்சை இழுத்துப் பார்த்தான். முடிச்சு நல்ல முடிச்சுதான்.

ஷ்யாமளா வாசலில் வந்து நின்றாள். அவன் தம்ளரைக் கீழே வைத்தான். தமிழ் திரும்பி வந்துவிட்டது.

"எங்களையும் காலி பண்ணச் சொல்லிட்டாவ. நம்ம வீடு இதவிடப் பெரிசு," என்றான் மெதுவாக. "பத்து ஆர்ட்டிஸ்ட் கெடைப்பாவளா தாயி?"