ஃபைல் தொறக்கல தம்பி!

“தம்பி, தொறக்க மாட்டேங்குது!”

காலையில் ஸ்டோர் கிளார்க் முனுசாமியின் குரல் கேட்டாலே அத்னானுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“இன்னாண்ணா, மறுபடியும் நடுவுல ஸ்பேஸ் உட்டீங்களா?”

“உட்டுட்டேன் போலக்குது.”

அது 2003. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனி. அத்னான் சி மொழியில் எழுதிய புரோகிராம், ‘எந்த ஃபைல்?’ என்று கேட்கும். பெயரை அடித்தால் அந்த லாட் போல்ட்டுகளின் டெஸ்ட் ரிப்போர்ட் திறக்கும். ‘லாட்47’ என்று ஒட்டி அடிக்க வேண்டும். இடம் விட்டால், ‘ஃபைல் இல்லை’ என்று கைவிரித்துவிடும்.

முனுசாமி தினமும் இடம் விடுவார்.

அத்னான் அப்போது டெம்பரரி. பழவேற்காட்டில் அத்தா கடையை மூடிவிட்டார். இவன் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. புரோகிராம் சரியில்லை என்று முதலாளி நினைத்துவிட்டால் அவ்வளவுதான்.

ஒருநாள் முதலாளி ஆதிநாராயணன் எதிரிலேயே முனுசாமி கூப்பிட, அத்னான் வெடித்துவிட்டான்.

“ஆறு மாசமா சொல்லிக்கினே இருக்கேன், மண்டையில ஏறவே ஏறாதா? உங்களால என் வேலையே போவப் போவுது!”

முனுசாமி தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

“இந்த ஆள வச்சிக்கினு, நீ இல்லாம நமக்கு ஆவாதுப்பா” என்று சலித்துக்கொண்ட முதலாளி, அடுத்த வாரமே அத்னானை பர்மனென்ட் ஆக்கினார்.

அதிசயம்! அதற்கப்புறம் முனுசாமி ஒரு தப்பும் செய்யவில்லை.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. இன்று அவர் ரிட்டயர்மென்ட். மாலையும் கழுத்துமாக அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினான் அத்னான். அந்தக் காலமே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டது போலிருந்தது.

“நல்ல மனுஷன். இன்னா, அன்னிக்கு நான் நாலு வார்த்தை திட்டினப்புறம்தான் ஃபைல் தொறக்கவே கத்துக்கினாரு, இல்லக்கா?”

பேக்கிங் குப்பம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவுருக்கா தெரியாது? அப்பவே நீ லீவு போட்ட நாள்ல அல்லாத்தையும் அவரேதான் மளமளன்னு தொறப்பாரு நைனா. ‘புரோகிராம் தானா ஓட ஆரம்பிச்சா அந்தப் பையன நிறுத்திடலாம்’னு முதலாளி போன்ல பேசினத, அவுரு காதால கேட்டுட்டாரு.”