பாறை முனைக்கு முப்பத்தெட்டு ஓட்டு

வசந்த காலச் சிறப்பிதழின் ‘நம் கடற்கரையில் உங்களுக்குப் பிடித்த இடம் எது?’ போட்டிக்கு வந்த கூப்பன்களை மேஜையில் கொட்டினார் பத்திரிகை ஆசிரியர். எதிரே தையல்காரர்.

“முப்பத்தெட்டு கூப்பன், முப்பத்தெட்டு பேரு. ஆனா எல்லாத்தோட ஓரமும் பல்லு பல்லா வெட்டியிருக்கு. துணி ஓரம் பிரியாம வெட்டற பல்லுக் கத்தரிதானே?”

தையல்காரர் தலைகுனிந்தார். “ஆமா சார். நான்தான் அனுப்பினேன்.”

“அதுவும் பாறை முனைக்கு! நிழல் இல்ல, மணல் இல்ல, ஈ காக்கா எட்டிப் பார்க்காது. அங்க கடை கிடை போடப் போறீங்களா?”

“இல்ல சார்.”

“மனை வாங்கிப் போட்டிருக்கீங்களா?”

“ஐயோ, இல்ல சார்.”

“அப்புறம் எதுக்குய்யா கள்ள ஓட்டு?”

“முதல் இடம்னு நீங்க போட்டா கூட்டம் வரும்ல சார்? போன தடவை ஐஸ்கிரீம் கடைப் பக்கம்னு போட்டீங்க. இப்போ அங்க நிக்க இடமில்ல.”

“கூட்டம் வந்தா உங்களுக்கென்ன?”

தையல்காரர் கூப்பன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“போன வருஷம் இதே சீசன்ல என் பொண்ணு அங்கதான் வழுக்கி விழுந்தா. பாறையப் பிடிச்சுக்கிட்டே கத்தியிருக்கா. தூரத்துல வலை இழுத்தவங்க காதுல விழுந்து, அவங்க ஓடி வர்றதுக்குள்ள கை விட்டுப் போச்சு. பக்கத்துல ஒரே ஒரு ஆள் நின்னிருந்தா போதும் சார்.”